கொடியில் கிடந்த நீலச் சட்டை

சத்தியம். என் இரண்டு கண் மேலும் சத்தியம். போதாதென்றால் உங்கள் கண் மேலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் பினாங்குப் பாலம் பெயர்ந்து வந்து என் தலையில் விழட்டும்.

"வாத்தியாரே, யாருமே கேக்காத பாட்டை எதுக்குப் பாடணும்?"

கேட்டவள் தொனாத்தா. இத்தாலியில் பிரிந்திசி என்கிற துறைமுக ஊரில் பிறந்தவள். ஜாஸ் பாடகி. பாட்டுக் கட்டுகிறவளும் அவளே. சின்ன வயதில் கப்பலேறி, அந்தக் கப்பலிலேயே பாடி, அப்புறம் ஊர் ஊராக ஓட்டல் மேடைகளில் பாடி, ஐம்பதைத் தாண்டிய பிறகு பினாங்கில் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் வந்து நின்றவள்.

குரல் எப்படி என்கிறீர்களா? அவள் கீழ்ச் சுரத்தில் இறங்கினால் கடல் ஒரு முழம் உள்வாங்கும். மீன்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வாத்தியார், சவரிராயன். அவளுக்குப் பின்னால் நின்று டபுள் பேஸ் வாசிப்பவர். ஆள் உயர வயலினை நிமிர்த்தி வைத்து விரலால் மீட்டினால் எப்படி, அப்படி ஒரு வாத்தியம். தொனாத்தாவைவிடப் பத்து வயது சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஜாஸ்காரர்கள் வந்து அவரிடம் சந்தேகம் கேட்பார்கள்.

அவர் பதில் சொல்லமாட்டார். ஆனாலும் தெளிந்து போவார்கள்.

எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று குடையாதீர்கள். எனக்குத் தமிழ்தான் தெரியும். ஆகவே தமிழில்தான் பேசினார்கள்.

அன்று சனிக்கிழமை. இடைவேளை. சமையலறைக்குப் பின்பக்கம் நின்று சவரிராயன், உள்ளே மசாலாக் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தின்றுகொண்டிருந்தார்.

"மேனேஜர் சொல்லிட்டார்," என்றாள் தொனாத்தா. "நாளையிலேர்ந்து எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு மட்டும்தானாம். என் பாட்டு வேணாமாம். யாரும் கேக்கறதில்லையாம்."

"ம்."

"அவர் சொல்றதும் நிஜம்தானே? நான் என் பாட்டை எடுத்ததும் எல்லாரும் பேச ஆரம்பிச்சுடறாங்க."

"பேசுவாங்க."

"அந்த டயர்க்கடை சதாசிவம் இருக்காரே!"

சதாசிவத்தை நீங்கள் கேட்டதில்லை. அவர் இந்தக் கரையில் ரகசியம் பேசினால் அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில், படகுக்கு நிற்பவர்கள் "என்னையா கூப்பிட்டீங்க?" என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"நண்டை உடைக்கிறார், சிரிக்கிறார், மேசையைத் தட்டுறார். நான் ஒருத்தி அங்க நிக்கறதே தெரியாது அவருக்கு. போதும் வாத்தியாரே. ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டேன். இனிமே பாட்டு எழுதவும் போறதில்ல."

சவரிராயன் மென்று விழுங்கினார்.

"அக்கா, இன்னைக்கு என் வாசிப்பு எப்படி?"

"எது?"

அவர் சிரித்துக்கொண்டே மிச்சக் கறிபாப்பை வாயில் போட்டார்.

"நான் ஒண்ணு கேட்டேனே?" என்றாள்.

"கறிபாப் வேணுமா?"

வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒன்று எடுத்துக்கொண்டாள். இத்தாலிக்காரி ஆனாலும் கோபம் கோபம்தான், பசி பசிதான்.

மேடை ஏறினார்கள்.

கடைசியாக ஒருமுறை, தன் பாட்டையே எடுத்தாள். கப்பலைப் பிடிக்கிற அவசரத்தில் வீட்டு மாடிக் கொடியில் ஈரத்தோடு விட்டுவந்த நீலச் சட்டையைப் பற்றிய பாட்டு. முதல் பாதியில் மழை வரும், புறா வந்து உட்காரும், கப்பல் ஊதும். இரண்டாம் பாதியில்தான் சட்டை காயும்.

கூடம் பேசத் தொடங்கியது. சதாசிவம் நண்டை உடைத்தார். தொனாத்தா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

மழை வந்தது. புறா வந்தது. கப்பல் ஊதியது.

சவரிராயன் தந்தியிலிருந்து கையை எடுத்தார்.

பியானோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிரம்மும் இருந்தது. ஆனால் தொனாத்தாவுக்கு, இருட்டில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அடுத்த வரிக்குக் காலை எங்கே வைப்பது?

நின்றுவிட்டாள்.

பியானோ நின்றது. டிரம் நின்றது.

அப்புறம் கூடம் நின்றது.

ஓடுகிற மின்விசிறி நின்றால் தூங்குகிறவன் விழித்துக்கொள்வானே, அதுபோல. பேச்சு பாதியில் நின்றது. தூக்கிய கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. தொட்டியில் இருந்த நண்டுகள் கொடுக்கைத் தூக்கியபடி நின்றன. நடுக்கடலில் படகு நின்றதாகவும் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்யவில்லை.

தொனாத்தா திரும்பினாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

சவரிராயன் புருவத்தை உயர்த்தினார்.

"ஓ, கேட்டுக்கிட்டா இருந்தீங்க அக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் பின்னாலிருந்து நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. சதாசிவம் எழுந்து நின்றார். கையில் நண்டுக்கால். முகத்தில் உண்மையான கவலை.

"ஏம்மா! சனிக்கிழமை சனிக்கிழமை இந்நேரத்துக்குச் சட்டை காஞ்சிருக்குமே! இன்னைக்கு என்னாச்சு, உங்க ஊர்ல இன்னும் மழை விடலியா?"

"அதானே?" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மேனேஜர்.

தொனாத்தா சதாசிவத்தைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். திரும்பி, சவரிராயனின் விரல்களைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறாள்.

"நீங்க முதல்ல," என்றாள்.

விரல் தந்தியில் இறங்கியது. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள்.

அப்புறம் சட்டை காய்ந்தது.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். சதாசிவம் காதில் விழுந்தால் வம்பு. என் வண்டிக்கு டயர் மாட்டுவது அவர்தான்.