வெள்ளாச்சி கொதித்த கதை

கிளிஞ்சல்கள் வாய்விட்டுப் பேசிய காலம் அது. கழிமுகத்துச் சேற்றில் வெள்ளாச்சி என்றொரு கிளிஞ்சல் இருந்தாள். அவள் உடம்போடு உடம்பாகக் கரியன் என்ற காற்று குடியிருந்தான். எது அவள், எது அவன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு சுடும் வீராயி அவளையும் மற்றக் கிளிஞ்சல்களையும் வாரிக்கொண்டுபோய்க் காளவாயில் கரியோடு அடுக்கினாள்.

"கொஞ்சம் பொறு வீராயி, இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்" என்றாள் வெள்ளாச்சி.

"காளவாய் ஏறியாச்சு. இனிமே என்ன பேச்சு தாயி?" என்று தீ மூட்டினாள் வீராயி.

சூடு ஏறியது. கரியன் நழுவினான்.

"விட்டுட்டுப் போறியா?"

"நானா போறேன்? தீ இழுக்குது புள்ளே."

புகையோடு போய்விட்டான். வெள்ளாச்சியின் வடிவம் அப்படியே இருந்தது. எடைதான் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எப்படியும் திரும்பி வருவான் என்று அவள் காத்துக் கிடந்தாள்.

மறுநாள் வீராயி அவளைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். உடம்பில் ஏதோ பட்டதும், "வந்துட்டியா!" என்று வெள்ளாச்சி தாவி இறுக்கிக்கொண்டாள்.

"ஐயோ, நான் தண்ணி! விடு தாயி!"

ஆள் மாறிப்போனது தெரிந்ததும் வெட்கத்திலும் ஆத்திரத்திலும் அவள் கொதித்தாள். பானை தளதளத்தது. அவள் பொடிப்பொடியாக உதிர்ந்தாள். அதற்குள் தண்ணீர் அவளுக்குள் கலந்தாயிற்று. இருவராலும் விலக முடியவில்லை.

"சரி, அழாதே. உன் ஆள் வர்ற வரைக்கும் இருக்கேன். வந்ததும் கிளம்பிடறேன்" என்றது தண்ணீர்.

வீராயி அவர்களைக் குழைத்துச் சுவரில் பூசினாள். எட்டாம் நாள் ஒரு காற்று வந்து சுவரை உரசி நின்றது.

"நீ கரியன்தானா?" என்று கேட்டாள் வெள்ளாச்சி.

"தெரியலையே. எத்தனையோ அடுப்பு, எத்தனையோ பேர் மூச்சு, எல்லாத்துலயும் புகுந்து வந்துட்டேன். பழசு ஒண்ணும் நினைவில்லை. ஆனா இந்த இடம் எனக்குச் சரியா இருக்கு."

அவள் அவனை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு, "உள்ளே வா" என்றாள்.

தண்ணீர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே போனது.

சுட்ட கிளிஞ்சல் தண்ணீர் பட்டதும் கொதிப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். சுண்ணாம்பு பூசிய சுவர் பல நாள் மெல்ல ஈரத்தை விட்டு, காற்றை வாங்கி வாங்கிக் கல்லாக இறுகுவதும் அன்று முதல்தான்.