இமை கொடுத்த கெண்டை

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் இமை உண்டு. நம்மைப் போலவே மூடித் திறக்கும். தூக்கம் வந்தால் சொக்கும், கோபம் வந்தால் படபடக்கும். பேச்சும் உண்டு. பேச்சு என்றால் கொஞ்சநஞ்சப் பேச்சா! மீனும் மாடும் மரமும் மனிதரோடு மல்லுக்கு நின்று பேசின காலம் அது. குளத்தில் யாராவது எச்சில் துப்பினால், "ஏன்யா, உன் வீட்டுச் சோத்துப் பானையில இப்படித் துப்புவியா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். துப்பினவன் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

கொன்றைவனம் என்று ஓர் ஊர். மலையடிவாரத்தில் கொன்றைவனத்தாள் என்கிற அம்மனுக்குக் கோயில். கோயில் வாசலுக்கு நேர் எதிரே குளம். சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வந்ததும் குளத்தில் கால் கழுவுவார்கள். அம்மனைக் கும்பிடுவார்கள். பிறகு மலையேறி அம்மன் பாதம் பதிந்த பாறையைப் பார்ப்பார்கள், சுனைத் தண்ணீர் குடிப்பார்கள், தட்டினால் இசைக்கும் கல்தூணைக் கை வலிக்கும் வரை தட்டுவார்கள், கடைத்தெருவில் வளையல் வாங்குவார்கள். எல்லாம் முடிந்து, கால் கடுக்கிறது என்று குளத்துப் படியில் வந்து உட்காருவார்கள்.

அந்தக் குளத்தில் சேலாயி என்று ஒரு கெண்டை இருந்தாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அம்மன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மனுக்கு அபிஷேகம் செய்த தண்ணீர் ஒரு கல் வாய்க்கால் வழியாகக் குளத்தில் வந்து விழும். முதலில் மஞ்சள் தண்ணீர், பிறகு பால், பிறகு சந்தனம். சேலாயி விடிவதற்கு முன்பே அங்கே போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். "இன்னைக்குப் பன்னீர் ஊத்தியிருக்காங்க, அம்மாவுக்கு விசேஷம்போல" என்று மற்ற மீன்களுக்குச் சொல்லுவாள். கழற்றிப் போட்ட மாலை மிதந்து வந்தால் அதன் நடுவில் போய் அசையாமல் நின்றுகொள்வாள். அம்மன் கழுத்தில் கிடந்த மாலை அல்லவா! பூசை மணி அடித்தால் தண்ணீர் நடுங்கும். அந்த நடுக்கம் செதிலில் படும்போது சேலாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். வாசனை தெரியும், ருசி தெரியும், மணிச் சத்தம் தெரியும். நாற்பது முழத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுடைய முகம் மட்டும் தெரியாது. தெரியாமலே இந்தப் பிறவி கழிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

நம்மால்தான் போக முடியாது, போய்வந்தவர்களைக் கேட்கலாமே என்று கேட்க ஆரம்பித்தாள்.

மீசைக்காரர் ஒருவர் படியில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, அம்மனைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்காம? யப்பா, என்ன கூட்டம்! ஒருத்தன் என் காலை மிதிச்சுக்கிட்டே போனான்."

"முகம் எப்படி இருந்துச்சுங்க?"

"முகமா? இங்க பாரு, கட்டைவிரல் எப்படி வீங்கிக் கிடக்குன்னு" என்று காலைத் தூக்கிக் காட்டினார் மனிதர்.

புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வந்தாள். மலைமேல் வீசின காற்றைச் சொன்னாள், சுனைத் தண்ணீர் இளநீர் மாதிரி இனித்ததைச் சொன்னாள், கல்தூணில் அவள் புருஷன் தட்டின தாளத்தைப் படியிலேயே தட்டிக் காட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும் தாயி, அம்மன் முகம்?" என்றதும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "தீபம் காட்டும்போது அவருக்காக வேண்டிக்கிட்டேனா, கண்ணை மூடிட்டேன்."

அப்புறம் ஒரு குடும்பம். ஏழு பேர். அம்மன் கட்டியிருந்தது பச்சைப் பட்டா சிவப்புப் பட்டா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, மாமனாரும் மருமகனும் முகம் பார்க்காமல் வண்டி ஏறினார்கள்.

கேட்கக் கேட்க ஒரே பதில்தான். தூரத்திலிருந்து வண்டி கட்டி வருகிறார்கள், வெயிலில் நிற்கிறார்கள், இடிபடுகிறார்கள், மிதிபடுகிறார்கள். திரை விலகித் தீபத்தைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில், கையைத் தலைக்குமேல் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். சேலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணை மூடிக்கிறதுக்கா இத்தனை தூரம் வர்றீங்க? அதை வீட்டிலேயே மூடிக்கிட்டுப் படுக்கலாமே!" என்று கத்தினாள்.

படியில் பொரி விற்கிற வடிவாச்சி இதைக் கேட்டுச் சிரித்தாள். தலை பாதி நரைத்தவள். வயசுப் பெண்ணாக அந்தப் படியில் கூடையை இறக்கினவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. சேலாயியைக் குஞ்சாக இருந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.

"அடியே, முப்பது வருசமா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துல உள்ளே போய்வர்றவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னை விட்டுட்டு வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் வாயைக் கொடுக்கிறியே?"

"அப்பச் சொல்லுக்கா. வட்ட முகமா, நீள முகமா?"

"வட்டம்..." என்று ஆரம்பித்தாள் வடிவாச்சி. பொரி அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "மூக்குத்தி இடது பக்கம். இல்லையே, வலது பக்கம். இருடி, சிரிச்ச முகம். சிரிச்ச முகமாத்தான் இருக்கணும்..."

"இருக்கணுமா? நீ பாத்ததில்லையா?"

வடிவாச்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். முப்பது வருசம்! மழை நாள், காய்ச்சல் நாள், புருஷனைப் பறிகொடுத்த வருஷம்கூட விடாமல் போய் நின்றிருக்கிறாள். நின்றிருக்கிறாளே தவிர, ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா? கூடையைப் படியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். "இன்னைக்குப் பாத்துட்டு வந்து மச்சம் இருந்தா மச்சத்தைக்கூடச் சொல்றேன்டி. உனக்காகவும் சேத்துப் பாக்குறேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாள்.

சேலாயி தண்ணீர் தொடுகிற மேல் படிவரை ஏறி, முதுகு காய்வதுகூடத் தெரியாமல் காத்திருந்தாள். மணி அடித்தது. அடங்கியது. வடிவாச்சி திரும்பி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டாள்.

"சொல்லுக்கா!"

"மூடிட்டேன்டி."

"ஏன்?"

"ரெண்டு விரலால இமையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பூசாரிகூட இவளுக்கு என்ன கேடுன்னு பாத்தாரு. தீபத்தைத் தூக்கினாங்க. நான் அவளைப் பாக்குறதுக்கு முந்தி அவ என்னைப் பாத்துட்டாடி. அதுக்குமேல என்னால முடியல, கை தானா விட்டுருச்சு." வடிவாச்சி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நியாயமாகப் பார்த்தால் சேலாயி அவளுக்கு ஓர் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏங்கிப்போன மனசுக்கு நியாயம் எங்கே தெரிகிறது! "உனக்குக் கால் இருக்கு. கண்ணு இருக்கு. அவ வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. எனக்கு அந்தக் கால் மட்டும் இருந்திருந்தா உன்னை மாதிரி ஏமாந்துட்டு வருவேனா?" என்று சொல்லிவிட்டு அடித்தண்ணீருக்குப் போய்விட்டாள். ஒன்பது நாள் மேலே வரவில்லை.

பத்தாம் நாள் காலையில் வடிவாச்சி கோயிலுக்குள் போனாள். கையைக் கூப்பவில்லை. கண்ணை மூடினபடியே, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சன்னிதியில் நின்றாள்.

"ஆத்தா! என்னை நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. வாசல்ல ஒருத்தி கிடக்கா. நீ குளிச்ச தண்ணியைக் குடிச்சே வளர்ந்தவ. ஒன்பது நாளா அன்ன ஆகாரம் இல்ல. அவளுக்குக் கால் இல்ல, உனக்கு இருக்கு. அம்மாம்பெரிய மலையில ஏறிப் பாதம் பதிச்சவளுக்கு இந்த நாலு படி இறங்கறதுதான் கஷ்டமா?"

பூசாரி தட்டை இறக்கி வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் காலத்தில் அம்மனும் பேசுவாள், ஆனால் அநாவசியமாகப் பேசமாட்டாள்.

"இத்தனை காலமா எல்லாரும் அதைக் கொடு, இதைக் கொடுன்னாங்க. வெளியே வாயேன்னு யாரும் கூப்பிடலையே வடிவாச்சி. தைப் பௌர்ணமிக்கு வர்றேன்."

ஊர் அமர்க்களப்பட்டது. அம்மனைத் தண்ணீர்மேல் எப்படிக் கொண்டுபோவது? மூங்கிலை வெட்டினார்கள், வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டினார்கள், மேலே பலகை பரப்பி நாலு தூண் நிறுத்திக் கரும்பும் பூவும் சுற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் முதல் தெப்பம். சேலாயிக்குச் சேதி போனதும் விர்ரென்று மேலே வந்தாள். "அக்கா, நான் பேசினதை மனசுல வச்சுக்காதக்கா" என்றாள். "போடி போக்கத்தவளே, மனசுல வைக்க இடம் ஏது, சந்தோசத்துல நிறைஞ்சு கிடக்கு" என்றாள் வடிவாச்சி. பௌர்ணமி வரை சேலாயி படிக்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் செதிலெல்லாம் பளபளவென்று ஆக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். குளத்தின் நாலு கரையிலும் எள் போட இடமில்லை. மேளம் முழங்க அம்மன் படியிறங்கித் தெப்பத்தில் ஏறினாள். மூன்று சுற்று வருவதாக ஏற்பாடு. சேலாயி நடுக்குளத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தெப்பம் நெருங்கியது. இத்தனை வருஷம் கரைந்து வந்த மஞ்சளும் சந்தனமும் கரையாமல், முழு வாசனையாக, காற்றில் வந்தன. பூசாரி தீபத்தைத் தூக்கினார். சனம் மொத்தமும் ஒரே குரலில் "தாயே!" என்றது.

சேலாயி கண்ணை மூடிவிட்டாள்.

திறந்து பார்த்தபோது தெப்பம் தாண்டிப் போயிருந்தது. பின்னலில் வைத்துத் தைத்த மல்லிகை மட்டும் தெரிந்தது. "ஐயோ, பாவி! நானுமா!" என்று வாலால் தண்ணீரை அறைந்தாள். ஊரையெல்லாம் ஏசின வாய் அல்லவா, தன்னைத் தானே ஏசத் தெரியாமல் திணறியது. இரண்டாவது சுற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அதேதான். அவள் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பார்வை வந்து தொட்டது, இமை தானாக விழுந்தது. மறுபடியும் மல்லிகைப் பின்னல்.

இன்னும் ஒரே சுற்று. சேலாயி தெப்பத்துக்குப் பின்னாலேயே நீந்தினாள். "அம்மா, நில்லு! இந்த இமை எனக்கு வேண்டாம். எடுத்துக்கோ!"

தெப்பம் நின்றது. தள்ளினவர்கள் தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. திரும்பாமலே அம்மன் கேட்டாள். "யோசிச்சுக் கேளு மகளே. கொடுத்தா திரும்பி வராது. தூங்கும்போதும் திறந்தே கிடக்கும். பாக்கப் பிடிக்காததையும் பாத்துத்தான் ஆகணும். உனக்கு மட்டும் இல்ல, உன் வயித்துல பிறக்கிறவங்களுக்கும் இருக்காது."

"பிறக்கிறவங்களாவது உன்னைப் பாக்கட்டும்மா" என்றாள் சேலாயி.

மெல்லிய தோல் இரண்டு தண்ணீரில் கழன்று மிதந்து போயின. தெப்பம் நகர்ந்து மூன்றாவது சுற்று வந்தது. தீபம் ஏறியது. கரையில் இருந்த அத்தனை பேரும், வடிவாச்சியும், கண்ணை மூடினார்கள். சேலாயி மூடவில்லை. மூட இமை இல்லை. அம்மன் அவளைப் பார்த்தாள், அவள் அம்மனைப் பார்த்தாள். தெப்பம் கரை சேர்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைவதற்கு முன்பே வடிவாச்சி கூடையும் கையுமாகப் படியிறங்கி ஓடிவந்தாள். "பாத்தியாடி? பாத்தியா? நான் மூணு தடவையும் மூடிட்டேன். என் கண்ணுக்குக் கொடுப்பினை இல்ல. நீ சொல்லு, எப்படி இருந்தா?"

சேலாயி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மூடினாள், மறுபடியும் திறந்தாள். வட்டம் என்று சொல்வதா, நீளம் என்று சொல்வதா? சிரிப்பு என்றால் அது சிரிப்பு மட்டுமா? தெரிந்த சொல்லையெல்லாம் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அந்த முகத்துக்கு எட்டவில்லை. மற்ற சொல்லைப் பேசவும் அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை. இமைக்காத கண்ணோடு வடிவாச்சியையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னடி, பேச்சு வரலையா? ஒன்பது நாள் பட்டினி கிடந்தவளாச்சே" என்று வடிவாச்சி கூடையிலிருந்து ஒரு கைப் பொரியை அள்ளிப் போட்டாள். "இதைத் தின்னு, தெம்பு வந்ததும் சொல்லு. நான் இருக்கேன், சொல்லு." இருட்டுகிறவரை குனிந்து காத்திருந்தாள். மறுநாளும் வந்து காத்திருந்தாள். சாகிறவரை காத்திருந்தாள்.

கடல் மீனுக்கு எப்படி இமை போனது என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் இருப்பார்கள். சேலாயியின் பிள்ளைகள் வெள்ளத்தில் குளம் தாண்டி, ஆறு தாண்டி, எங்கெங்கோ போனார்கள். போன இடத்தில் எல்லாம் அவர்களைப் பார்த்த மீன்களும் இமையில்லாத கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கும், வேறென்ன.

கோயில் குளத்து மீன்கள் மனிதர் நிழல் விழுந்தாலே படியோரம் கூடி, இமையில்லாத கண்ணோடு அண்ணாந்து, வாயைத் திறந்து திறந்து மூடுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். நாம் பசி என்று நினைத்துப் பொரி போட்டுவிட்டு வருகிறோம், அவை அம்மன் முகம் எப்படி இருந்தது என்று சொல்லப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.