சுள்ளி என்று சொன்ன கீரி

பெரிய ஏரியின் தென்கரையில் வீரணன் என்றொரு கீரி பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தான். அவன் யாரையும் நம்ப மாட்டான். மழை வரும் என்று தவளை சொன்னால், இதில் தவளைக்கு என்ன ஆதாயம் என்று யோசிப்பான். பழம் பழுத்திருக்கிறது என்று அணில் கூப்பிட்டால், முதலில் அணில் தின்று பார்க்கட்டும் என்று காத்திருப்பான். அப்படி ஒரு பிறவி!

ஆனால் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. நீளமான மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி எகிறினான் என்றால், ஓடையின் இந்தக் கரையில் இருந்தவன் அந்தக் கரையில் நிற்பான். குட்டைக்காலை வைத்துக்கொண்டு இவன் எப்படித் தாண்டுகிறான் என்று மான்களே வாயைப் பிளந்து பார்க்கும். அந்தக் கழியை அவன் நிழலில் போட்டு உலர்த்தினான். புங்கங்கொட்டையை மென்று மென்று அதன் எண்ணெயைத் தடவினான். வளைத்தால் வில்லாக வளையும், விட்டால் நிமிரும்.

அந்த வித்தைக்கு ஒரு வேளையும் வந்தது. ஏரியின் வடகரையில் கரட்டுமேடு என்று ஒரு பாறைக்குன்று. எவ்வளவு மழை அடித்தாலும் அங்கே வளைக்குள் தண்ணீர் ஏறாது. அங்கே ஒரு வளை காலியானால், கழி ஊன்றித் தாண்டும் போட்டி வைப்பார்கள். ஜெயித்தவன் குடும்பத்துக்கு வளை. அடிதடி வேண்டாம் என்று அந்த மேட்டுக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இந்தத் தடவை ஒரு வளை காலியாகியிருந்தது; வீரணனுக்கு அது வேண்டும். போன மழையில் அவன் வளைக்குள் வெள்ளம் புகுந்து இரண்டு குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அவன் பெண்டாட்டி பேச்சி மறுபடியும் மூன்று குட்டி போட்டிருந்தாள். இன்னும் அவற்றுக்குக் கண் திறக்கவில்லை. மழைக்காலமோ வாசலுக்கு வந்துவிட்டது.

"எப்படியாவது அந்த மேட்டு வளையை வாங்கிக் கொடுத்துடுய்யா" என்றாள் பேச்சி. "இன்னொரு தடவை நான் தாங்க மாட்டேன்."

ஏரி நிறைய முதலை. நீந்திப் போக வழியில்லை. வடகரைக்குப் போக வேண்டுமென்றால் நாரைகள்தான் கதி. நான்கு நாரைகள் ஓர் ஓலைக்கூடையை ஆளுக்கொரு மூலையில் கவ்விக்கொண்டு பறக்கும். கூடையில் ஆட்கள் உட்கார்ந்துகொள்ளலாம். சாமான்கள் தனியாக, வேறு நாரைகளோடு முன்னாலேயே போய்விடும்.

"நாரைங்க கையிலே பொருளைக் கொடுத்தா திரும்பி வராதாம்" என்றான் வீரணன். "முள்ளம்பன்றியோட விளையாட்டுப் பந்து போன வருஷம் அவங்ககிட்டே போனது போனதுதான். மைனா சொல்லிச்சு."

"அந்த மைனா சொன்னதை மட்டும் எப்படி நம்புனே?"

"கெட்டதா இருந்தா நம்பலாம்."

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சொல்ல வேண்டியதைச் சொல்லி, பத்திரமா கொண்டு போய் ஜெயிச்சுட்டு வா."

வீரணன் சும்மா போவானா? கழியைச் சுற்றிலும் எருக்கங்குச்சியையும் கருவேலஞ்சுள்ளியையும் வைத்து, புல்லைத் திரித்துக் கட்டினான். மேலே சேற்றையும் பூசினான். உள்ளே கழி இருப்பது கட்டியவனுக்கே மறந்துபோகும். அவனுக்கு அதில் பெருமையான பெருமை.

நாரைத்துறையில் ஒரே கூட்டம். மரக்கட்டை மேல் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுதான் சாமான் பார்க்கிற அதிகாரி. சிறகை மடக்காது. வந்தவர்கள்தான் குனிந்து குனிந்து போக வேண்டும்.

"இது கூடையில ஏறாது" என்றது நீர்க்காகம், திரும்பிப் பார்க்காமலே. "நீளம் ஜாஸ்தி. நெட்டுச் சாமானை நாவல் மரத்தடியிலேதான் வாங்குவாங்க, அங்கே போ."

நாவல் மரத்தடியில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. "நீர்க்காகம் அடையாளம் போடாம நாங்க எதையும் தொட மாட்டோம்" என்றது.

வீரணன் சுள்ளிக்கட்டை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். "கொக்கு உங்க அடையாளம் கேக்குது."

"நெட்டுச் சாமானுக்கு நான் அடையாளம் போடுறதில்லையே. கொக்குக்குத் தெரியாதா?"

"போன வாரம் உங்க ஆளு ஒருத்தர்தான் கழி கொண்டு... சுள்ளி கொண்டு போகலாம்னு சொன்னாரு."

"யார் சொன்னா? சொன்னவங்களையே தூக்கிட்டுப் போகச் சொல்லு."

மறுபடி நாவல் மரம். மறுபடி மரக்கட்டை. வெயில் உச்சிக்கு ஏறியது. நானாக இருந்தால் அந்தக் கட்டாலேயே நீர்க்காகத்தை ஒரு சாத்து சாத்தியிருப்பேன். வீரணன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்கள், நாம் அசந்த நேரம் பார்த்துக் கட்டைத் தூக்கிவிடுவார்கள் என்று அவன் மனசு சொன்னது. அதனால் தண்ணீர் குடிக்கக்கூட அவன் கட்டை விட்டு நகரவில்லை.

அவனுக்குப் பின்னால் ஓர் உடும்பு வந்து நின்றது. பெயர் ஒச்சப்பன். அவன் கையிலும் ஒரு மூங்கில் கழி. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. நுனியில் செவ்வரளிப் பூ வேறு சுற்றியிருந்தான்.

"எல்லாரும் வழி விடுங்கப்பா! இது போட்டிக்கழி. இது உடைஞ்சா என் உசுரே உடைஞ்ச மாதிரி" என்று துறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

முட்டாள், ஊரையே கூப்பிட்டுத் திருடச் சொல்கிறானே என்று வீரணன் நினைத்தான். அடுத்த நொடியே, இப்படிக் கத்துகிறவன் உள்ளுக்குள் என்ன திட்டம் வைத்திருக்கிறானோ என்றும் நினைத்தான். கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நீர்க்காகம் முதல்முறையாகக் கழுத்தைத் திருப்பியது. "போட்டிக்கழின்னா சரி. அதுக்குத் தனி ஏற்பாடு இருக்கு. கிழட்டு நாரை அலகுல கவ்வி, தரையில வைக்காம கொண்டு போய் உன் கையிலேயே கொடுக்கும்." பிறகு வீரணனைப் பார்த்தது. "உன்னோடது என்ன?"

"சுள்ளி."

"சுள்ளியை யாராவது ஏரி தாண்டிக் கொண்டு போவாங்களா?"

"எங்க பெரியப்பா வீட்டு வாசலை அடைக்க."

நீர்க்காகம் ஒரு கண்ணைச் சுருக்கியது. "உள்ளே பெறுமானமா ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. அதையும் கிழட்டு நாரைகிட்டே கொடுத்துடலாம். அப்புறம் வந்து குத்தம் சொல்லக்கூடாது."

வீரணனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஓகோ, எதைத் திருடலாம் என்று இப்படித்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களா!

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் சுள்ளி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சுள்ளிதாங்க. சத்தியமா."

"அப்ப மத்த சாமான் குவியல்ல போடு" என்று சொல்லிவிட்டு நீர்க்காகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாமான்கள் முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில்தான் கூடை பறந்தது. வீரணன் வழி முழுக்கக் கீழே பார்க்கவில்லை. கவ்விக்கொண்டிருந்த நான்கு நாரைகளின் அலகையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஒச்சப்பன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

வடகரையில் இறங்கியதும், ஒரு கிழட்டு நாரை நடந்து வந்து ஒச்சப்பன் கையில் கழியைக் கொடுத்தது. அரளிப்பூவில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. வீரணன் குவியலைத் தேடி ஓடினான். அங்கே நண்டுக்கூடை இருந்தது, பனங்கிழங்கு மூட்டை இருந்தது. அவன் கட்டு இல்லை.

"திருடிட்டாங்க! நான் அப்பவே நினைச்சேன்!" என்று அலறினான்.

"எதைப்பா?" என்றது சாமான் இறக்குகிற நாரை.

"என் கட்டு. இவ்வளவு நீளம். சுள்ளிக்கட்டு."

"ஓ, அந்தச் சுள்ளியா?" நாரையின் முகம் மலர்ந்தது. "ரொம்ப உபகாரம். இது எங்களுக்குக் கூடு கட்டுற காலம். சுள்ளின்னு வந்து இறங்கினா அது கூட்டுக்குத்தான். எங்க குலத்திலே அதுதான் வழக்கம், சின்னக் குஞ்சுக்குக்கூடத் தெரியும். இறக்கின உடனே ஆளுக்கொரு குச்சியா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"உள்ளே ஒரு மூங்கில் இருந்துச்சே!"

"இருந்துச்சு, இருந்துச்சு. அருமையான மூங்கில். அதோ பாரு."

கரையோரக் கருவேல மரத்தில், இரண்டு கிளைகளுக்கு நடுவில், அவன் கழி குறுக்காகக் கிடந்தது. அதன் மேல்தான் ஒரு புதுக்கூடு முழுதும் நின்றது. கூட்டுக்குள் ஒரு பெண் நாரை உட்கார்ந்திருந்தாள். வீரணன் மரத்தில் ஏறிக் கழியைத் தொட்டான். அவள் எழுந்து நின்றாள். அவள் காலடியில் ஒரு வெள்ளை முட்டை இருந்தது.

"உருவுனா கூடு சரிஞ்சிடும் தம்பி" என்றாள் அவள். சண்டைக்கு வரவில்லை. சிறகால் முட்டையை மூடிக்கொண்டாள். "இப்பத்தான் இட்டேன். அடியிலே போட ஒண்ணும் கிடைக்காம ரெண்டு நாளா அலைஞ்சோம். உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம்."

வீரணன் கழியைப் பிடித்தபடியே கூட்டைப் பார்த்தான். வெள்ளத்தில் போன இரண்டு குட்டிகளும் அவன் நினைவுக்கு வந்தன. கையை எடுத்துவிட்டு இறங்கினான்.

மறுநாள் காலையில் போட்டி. மேட்டுக்காரர்கள் எல்லாரும் ஓடைக்கரையில் கூடியிருந்தார்கள். மயில்தான் நடுவர். பேர் கூப்பிட்டால் வந்து தாண்ட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் வராதவனுக்கு இடமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓடையின் அகலமான இடத்துக்கு நகர்ந்து போவார்கள்.

முதல் சுற்றில் ஒச்சப்பன் தாண்டினான். பிறகு கழியைத் தூக்கிக்கொண்டு நேராக வீரணனிடம் வந்தான்.

"நடந்ததைக் கேள்விப்பட்டேண்ணே. இந்தாங்க, என் கழியிலே தாண்டுங்க. அடுத்த சுற்றுக்குள்ளே எனக்குத் திருப்பிக் கொடுத்தாப் போதும்."

வீரணன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீயும்தானே அந்த வளைக்கு வந்திருக்கே?"

"ஆமா. எங்க வீட்டிலேயும் தண்ணிதான்."

"பின்னே எனக்கு எதுக்குக் கொடுக்கிறே?"

"வெறுங்கையோட நிக்கிறவனை ஜெயிச்சு என்னத்துக்குண்ணே? நாளைக்கு என் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்றது?"

யாராவது இப்படிப் பேசுவார்களா? வீரணன் கழியை வாங்கினான். ஆனால் எதிராளி கொடுத்த கழி. எங்கோ ஒரு கீறல் இருக்கும். நடு ஓடையில் முறியும், நாம் தண்ணீரில் விழுவோம், ஊரே சிரிக்கும். அதற்குத்தான் இந்த அன்பெல்லாம்.

"வீரணன்!" என்று கூப்பிட்டது மயில்.

வீரணன் கணு கணுவாகத் தட்டிப் பார்த்தான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"வீரணன்!"

"போங்கண்ணே, கூப்பிடுறாங்க" என்றான் ஒச்சப்பன்.

ஏன் இவன் அவசரப்படுத்துகிறான்? வீரணன் அரளிப்பூவைப் பிய்த்துப்போட்டு, அதற்கடியில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினான். அடிமுனையை முகர்ந்தான். பல்லால் கடித்தும் பார்த்தான்.

"வீரணன்! வரலையா? சரி, அடுத்தவர் வரலாம்."

அவன் தலை நிமிர்ந்தபோது ஒரு முயல் ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. வீரணன் மயிலின் காலில் விழுந்தான், கெஞ்சினான். "மூணு தடவை கூப்பிட்டேன்ப்பா" என்றது மயில். அதற்கும் வருத்தம்தான். ஆனால் முறை முறைதான்.

கழி ஒச்சப்பனிடமே திரும்பிப் போனது. பல் பட்ட தழும்போடு அதே கழியை ஊன்றி அவன் அடுத்த சுற்றையும் தாண்டினான், கடைசிச் சுற்றையும் தாண்டினான். கழி ஒரு முனகல்கூட முனகவில்லை. அவன் ஜெயித்த தூரத்தை வீரணன் கண்ணால் அளந்து பார்த்தான். தென்கரை ஓடையில் தினமும் காலையில் பல் விளக்குகிற மாதிரி தான் தாண்டுகிற தூரம் இதைவிட அதிகம். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

வடகரையிலிருந்து அவன் வீடு திரும்பியபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பேச்சி வளைவாசலில் மண்ணைக் குவித்து வரப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெறுங்கையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"கழி எங்கேய்யா?"

"போச்சு."

"வளை?"

"அதுவும் போச்சு."

பேச்சி மண்ணைக் கீழே போட்டாள். "யாரு திருடினது? நாரையா, கூட வந்தவனா?"

வீரணன் வாயைத் திறந்தான். நாரை என்று சொல்லப் பார்த்தான், முடியவில்லை. உடும்பு என்று சொல்லப் பார்த்தான், அதுவும் முடியவில்லை.

"யாரும் திருடலை பேச்சி" என்றான். "நீர்க்காகம் என்னன்னு கேட்டுச்சு, சுள்ளின்னு சொன்னேன். உடும்பு கழி கொடுத்தான், கடிச்சுப் பார்த்துக்கிட்டே நின்னேன்."

 பேச்சி உள்ளே போய்க் கண் திறக்காத குட்டி ஒன்றை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து, இரவுக்குள் ஏற ஏதாவது மரப்பொந்து கிடைக்குமா என்று பார்க்கப் புறப்பட்டாள். வீரணன் மற்ற இரண்டையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். முதல் துளி அவன் முதுகில் விழுந்தது.

எல்லாரையும் திருடன் என்று பார்ப்பவன் வீட்டுக்குத் திருடன் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அவன் சந்தேகமே அவன் கைப்பொருளைக் கொண்டு போய்விடும்.