வாள் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் வாள்களுக்கு வாய் இருந்தது. பிடிக்குச் சற்று மேலே, மெல்லிய பிளவாக. எங்கே பாயப்போகிறதோ அந்த இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாள் பாயும். "தோள்!" என்றால் தோள், "இடுப்பு!" என்றால் இடுப்பு. வாளுக்குப் பொய் வராது. அதனால் நாடக மேடையில்கூடக் கூர்வாளையே சுழற்றினார்கள். எதிராளி கேட்டுத் தடுத்துவிடுவான்.

கடலோரப் பட்டணத்து நாடகக் குழு ஒன்றில் விருத்தகிரிக்கு ராஜா வேடம். அம்பலவாணனுக்கு எதிரி வேடம். ஒருநாள் அம்பலவாணனின் வாள் "காது!" என்றது. வயதான விருத்தகிரி தடுக்கச் சுணங்கினார். காதுமடல் கிழிந்தது.

"என் வேடத்துக்கு ஆசைப்படுகிறான்," என்று அன்றே அவருக்குத் தோன்றிவிட்டது.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் கல்லில் இரும்பு உரசும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வேலை பலமா நடக்குது?"

"சும்மாதான் அண்ணே." அம்பலவாணன் வாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

சும்மா தேய்க்கிறவன் எதற்கு மறைக்க வேண்டும்?

விருத்தகிரி தன் வாளிடம் போனார். "நாளைக்கு நான் மார்பில் பாய்ச்சும்போது 'தோள்' என்று சொல்."

"முடியாது," என்று வாள் சிரித்தது. "கிரீடம் வைத்ததும் நிஜ ராஜா என்று நினைப்போ?"

அவர் அரக்கை உருக்கி அதன் வாயை அடைத்தார்.

மறுநாள் மேடையில் ஒரு வாள்தான் கூவியது. அம்பலவாணன் சிரித்தான்.

"என்ன அண்ணே, உங்க வாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

கேட்டுவிட்டு, அது இடத்தைச் சொல்லட்டும் என்று காத்து நின்றான். வாள் மார்பில் இறங்கியது. நடிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

கீழே விழுந்த அவன் வாளை எடுத்து விருத்தகிரி கட்டைவிரலால் தடவினார். கீறவில்லை. விறகுக்கட்டைபோல மழுங்கியிருந்தது.

"உங்க காதுக்காகத்தான் மழுக்கினேன்," என்றான் அம்பலவாணன். "சொன்னா... கை தளர்ந்துபோச்சுன்னு குத்திக்காட்டுறேன்னு நினைப்பீங்க."

அதற்குமேல் அவன் பேசவில்லை.

விருத்தகிரி அரக்கைச் சுரண்டி எடுத்தார். "ஒரு வார்த்தை சொல்," என்று கெஞ்சினார். "கணீர்" என்ற ஓசை மட்டும் வந்தது. செய்தி கேட்ட வாள்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன; பிளவுகள் இருந்த தடம்கூடத் தெரியாமல் இரும்பு கூடிவிட்டது.

அன்று முதல்தான் மேடை வாளை மழுக்குகிறார்கள். ஓங்குமுன் வீரன் தானே வசனம் பேசுகிறான். சினிமாவில் ஒருவன் பேசாமல் பின்னாலிருந்து வாளை ஓங்கினால், இருட்டில் உட்கார்ந்திருக்கும் நாம் நம்மை அறியாமல் கத்துவதும் அதனால்தான்: "பின்னால் பார்!"