ஓரிரு இடங்களில்

"நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல சாமி. ஆனாலும் ஊரே என்னைத் திட்டுது."

இப்படி முறையிட்டவர் சிற்றம்பலம். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின் மலையடிவார மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதனால் குருவும் அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். யார் யாருக்குச் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

காலைப் பூசை முடிந்ததும் மடத்து ஒலிபெருக்கியில் வானிலை சொல்வது சிற்றம்பலத்தின் தொண்டு. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது. வானத்தை அண்ணாந்து பார்த்து, கீற்று மேகம், படை மேகம், திரள் மேகம் என்று வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுவார். முடிவில் எப்போதும் ஒரே வாக்கியம்.

"ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்."

இதில் எப்படிப் பொய் வரும்? எங்காவது பெய்யத்தானே செய்கிறது.

முந்தின நாள் செங்கமலத்தின் களத்தில் பெய்தது. ஊரில் வேறெங்கும் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. செங்கமலம் செங்கல் சூளை வைத்திருப்பவள். அறுத்துக் காயப்போட்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக்கல் அத்தனையும் கரைந்து சேறாகிவிட்டது. அந்தச் சேற்றை ஒரு சட்டியில் அள்ளி வந்து மடத்து வாசலில் வைத்தாள். கல்லை மூடட்டுமா வேண்டாமா என்று உங்களைத்தானே வந்து கேட்டேன் என்று வாத்தியாரிடம் சொல்லி அழுதாள்.

வாத்தியார் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். ஓரிரு இடங்களில் என்று சொல்லியிருந்தேன், உன் களம் அந்த இடங்களில் ஒன்று, ஆகவே கணிப்பு சரிதான் என்றார்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதை இவ்வளவு தெளிவான உச்சரிப்போடு யாரும் செய்ததில்லை. அதற்குமேல் செங்கமலம் பேசியதை மடத்துக் கதையில் எழுத முடியாது.

குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

அன்று குருவே சாத வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்தியின் முன்னால் நின்று அறிவித்தார்.

"இன்னிக்கு ஓரிரு இலைகள்ல சாதம் விழக்கூடும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

குரு முதல் இலையில் ஒரு கரண்டி வைத்தார். நடந்துபோய்க் கடைசி இலையில் ஒரு கரண்டி வைத்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

சாம்பாரோடு பின்னால் வந்த சமையல்காரர் திகைத்து நின்றார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் வாத்தியாரையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஆன்மிகம் எதுவும் இல்லை.

"நான் சொன்னது பொய்யா வாத்தியாரே?"

"பொய் இல்ல சாமி. பசிக்குது."

"அப்ப செங்கமலம் களத்துக்குப் போங்க. கல்லு சூளையில ஏறுற வரைக்கும் அங்கயே இருங்க."

வாத்தியார் எழுந்து போனபிறகுதான் மற்ற இலைகளுக்குச் சாதம் வந்தது.

களத்தில் செங்கமலம் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு சொம்பு கூழ் மட்டும் கொடுத்தாள். மறுபடியும் மண் குழைத்துக் கல் அறுக்க ஆரம்பித்திருந்தாள். இந்தத் தடவையும் கரைந்தால் சூளையை மூடிவிட்டுத் தம்பி வீட்டோடு போய் இருக்க வேண்டியதுதான் என்றாள். பிறகு தம்பி பெண்டாட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் வாத்தியாருக்கு விஷயத்தின் தீவிரம் உறைத்தது.

தினமும் காலையில் அவர் அண்ணாந்து பார்த்து, உயரத்தில் தெரிவது கீற்று மேகம் என்று தொடங்குவார். அவள் குறுக்கே ஒன்றே ஒன்று கேட்பாள்.

"மூடட்டுமா, வேணாமா?"

மூடினால் கல் காயாது. திறந்து வைத்தால் கரைந்துபோகலாம். ஒருநாள் மூடு என்றார். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கல் உள்ளே ஈரமாகவே கிடந்தது. செங்கமலம் ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று வாத்தியாருக்கு இருந்தது.

அவளுக்கும் சொந்தமாக ஒரு சாத்திரம் உண்டு. தட்டான் தாழப் பறந்தால் மழை நிச்சயம் என்பாள். தட்டான்கள் அவரைவிட மோசமாக ஏமாற்றின. அதில் வாத்தியாருக்கு ஓர் அற்பத் திருப்தி. ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. முப்பது வருஷம் மேகப் பாடம் நடத்தியவர், ஒரு மேகம் தலைகாட்டினாலே காயாத கல்லை ஓடிப்போய்ப் பார்க்கத் தொடங்கினார்.

கல் காய்ந்து முடிகிற சமயத்தில், ஒருநாள் மதியம் குரு களத்துக்கு வந்தார். கூலியாட்கள் கோவில் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். செங்கமலம் களத்தின் அந்தக் கோடியில் தனியாகக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் எழும்பியது. அடி கறுத்து, உச்சி விரிந்து, மளமளவென்று வளர்ந்தது. காற்றில் மண் வாசனை வந்தது.

குரு அதை ரசித்துப் பார்த்தார். சீடர் இவ்வளவு நாளில் என்ன கற்றார் என்று பார்க்கவும் ஆசை வந்தது.

"வாத்தியாரே, அது என்ன மேகம்?"

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கனத்த தார்ப்பாயைத் தரையோடு இழுத்து வந்துகொண்டிருந்தார். மேலே பார்க்கவே இல்லை.

குரு விடவில்லை. மேகத்தைச் சுட்டிக்காட்டி மறுபடியும் கேட்டார்.

"சாமி, பேசாம அந்த நுனியைப் பிடிங்க."