விழப் படித்தவர்

“டீச்சரம்மா, நான் என்னைக்கு நடப்பேன்?”

தினமும் காலையில் கொம்பையா இதைத்தான் கேட்பார். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டு எட்டு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மறுவாழ்வு மையத்தில் அவருக்குப் பயிற்சி கொடுத்த எஸ்தருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவளுக்கும் ஒன்பது வருஷமாகச் சக்கர நாற்காலிதான்.

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நாளைக்கு வீட்டுல என்ன செய்வீங்க? அதச் சொல்லுங்க.”

மறுநாள் அவர் மனைவி இசக்கியம்மாள் அழைத்துப்போக வருகிறாள். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பழையபடி வேலைக்குப் போகலாமா என்று அவள் கேட்டிருந்தாள். எஸ்தர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“தனியா எப்படி இருக்க? நாற்காலில இருந்து விழுந்துட்டா?”

எண்பதடி மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பீடி குடித்த மனுஷன், ஒன்றரை அடி உயரத்துக்கு நடுங்கினார். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மெத்தை விரித்திருந்த இடத்துக்கு எஸ்தர் தன் நாற்காலியை உருட்டினாள். பிரேக் போட்டாள். சட்டென்று சரிந்து தொப்பென்று விழுந்தாள்.

“ஐயோ! யாராவது வாங்களேன்!” என்று கொம்பையா அலறினார்.

யாரும் வரவில்லை. வரவேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

கையை ஊன்றி உட்கார்ந்தாள். கால்களை எடுத்து மடக்கி வைத்தாள். ஒரு கை மெத்தையில், ஒரு கை நாற்காலியில். ஒரே உந்து. ஏறிவிட்டாள். பிறகு சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து, உணர்ச்சியில்லாத காலில் எங்கேயாவது காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

“இப்ப நீங்க விழுங்க.”

“விழவா? வேணும்னேவா?”

“காய் வெட்டுறதுக்கு முன்னால மரத்துல இருந்து என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“கீழ நிக்கிறவங்களுக்குச் சத்தம் குடுப்பேன். விலகு, விலகு, காய் விழுதுன்னு.”

“நீங்க விழுந்த அன்னைக்கு?”



“அன்னைக்குச் சத்தம் குடுக்க நேரமில்ல தாயி.”

“இன்னைக்கு இருக்கு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தார்.

ஏறுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று முறை சறுக்கினார். இரண்டு முறை எஸ்தரைத் திட்டினார். நாலாவது முறை நாற்காலியில் உட்கார்ந்ததும் மையமே அதிரும்படி ஒரு கூச்சல் போட்டார். சமையல்கட்டிலிருந்து எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஞாபகம் இல்லை.

இசக்கியம்மாள் வந்தாள். வந்ததும் வராததுமாக நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லும்மா. இவரத் தனியா விட்டுட்டு நான் வேலைக்குப் போலாமா?”

எஸ்தர் கொம்பையாவைப் பார்த்தாள்.

கொம்பையா மெத்தைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். பிரேக் போட்டார். மர உச்சியில் இருப்பவர்போலத் தொண்டையைத் திறந்தார்.

“விலகு இசக்கி, விலகு! காய் விழுது!”