கரிக்கோடு

ஆழிநாட்டில் வெயிலுக்கு வரி இல்லை. வெயில் விழும் முற்றத்துக்கு உண்டு. அடுப்புக்கு உண்டு, கிணற்றுக்கு உண்டு, கிணற்றில் விடும் கயிற்றுக்கும் உண்டு. எல்லா வரியும் கடைசியில் வாடகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உழைப்பில் பாதி கூரைக்குப் போய்விடும். மீதியில் அரிசி வாங்கினால் விறகு வாங்க முடியாது.

நாட்டின் எல்லையில் ஒரு சுங்கச்சாவடி. அதைத் தாண்டினால் மலைக்கணவாய். கணவாய்க்கு அப்பால் குன்றநாடு. அங்கே அரிசி மலிவு என்றும், விறகை யாரும் விலைக்கு விற்பதில்லை என்றும் சொல்வார்கள்.

சாவடிக்கு வெளியே, ஏற்றம் தொடங்கும் இடத்தில், குரு மருதையார் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார். நாட்டைவிட்டுப் போகிறவர்கள் கடைசியாகக் குடிப்பது அவர் கையால் வாங்கிய தண்ணீர்தான்.

அவருடைய சீடன் கொற்றன் அவரைவிட நான்கு வயது மூத்தவன். மனைவி வெண்ணியோடு ஓர் அறையில் குடியிருந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஏழு ஆண்டுகளாக வாடகையை எதிர்த்துப் போராடுகிறவன். இரண்டு முறை சிறைக்குப் போனவன். "வாடகை குறையும்வரை ஒருவரும் ஊரைவிட்டுப் போவதில்லை" என்று சந்தைத் திடலில் மக்களைச் சத்தியம் செய்யவைத்தவனும் அவன்தான்.

சத்தியத்தை மீறிப் போனவர்களின் கதவில் கொற்றன் கரியால் ஒரு கோடு போடுவான். கோடு விழுந்த வீட்டில் வேறு யாரும் குடிபோகக் கூடாது. போனவனுக்கு அது அவமானம், வீட்டுக்காரனுக்கு அது பாடம் என்பது ஏற்பாடு. கரிக்கட்டை எப்போதும் கொற்றனின் மடியில் இருக்கும்.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. ஒரு காலையில் கொற்றன் பந்தலுக்கு வந்தான். குரு பானைக்கு அடியில் மணலை நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேள்."

"போவதா, இருப்பதா?"

"யார்?"

கொற்றன் மணலைப் பார்த்தான். "நான்தான்."

குரு நிமிரவில்லை. இன்னொரு கை தண்ணீர் அள்ளி மணலில் தெளித்தார்.

"வெண்ணிக்கு இருமல் நிற்கவில்லை" என்றான் கொற்றன். "அறையில் புகை. புகை இல்லாத வீட்டுக்குப் போ என்கிறார் வைத்தியர். என்னையே விற்றாலும் அந்த வாடகைக்குக் காணாது. குன்றநாட்டில் மைத்துனன் இருக்கிறான். வா வா என்கிறான். மழை பிடித்தால் கணவாய் அடைபடும். அப்புறம் தை மாதம்தான். அதுவரை அவள் தாங்குவாளா தெரியவில்லை."

"பிறகு என்ன கேள்வி?"

"நான் போனால் ஏழு ஆண்டும் பொய்யாகிவிடும். எல்லோரும் போய்விட்டால் ஊர் யாருக்கு?"

குரு எழுந்தார். ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு கொற்றனின் தோளில் ஏற்றினார். ஒரு பிடி தேங்காய் நாரைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா, ஊருக்குள் போய்விட்டு வருவோம்."

இருவரும் செக்கடித் தெருவுக்குள் நுழைந்தார்கள். கொற்றன் குடியிருந்த தெரு அது.

"இந்தத் தெருவில் பூட்டிய வீடு எத்தனை?"

கொற்றன் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "பதினொன்று."

"உன் அறையில் எத்தனை அடுப்பு?"

"இரண்டு. ஒன்று எங்களுடையது. இன்னொன்று கயிறு திரிக்கும் ஆண்டியப்பன் வீட்டாருடையது."

"அவர்கள் ஏன் உன் அறையில் இருக்கிறார்கள்?"

"வேறு வீடு எங்கே..."

கொற்றன் நின்றுவிட்டான். பூட்டிய கதவுகள் தெருவின் இரண்டு பக்கமும் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன. அவன் தோள் உயரம்.

"இது போராட்டம், ஐயா."

"நான் இல்லை என்றேனா?" குரு நாரை நீட்டினார். "யார் வீடு இது?"

"பூவன் வீடு. முதல் சிறையில் என்னோடு ஒரே பாயில் படுத்தவன்."

"ஏன் போனான்?"

"கேட்கவில்லை."

"கோடு போடும்போதாவது?"

"அதற்குள் அவன் போய்விட்டானே."

"பந்தலில் உட்கார்ந்தான்" என்றார் குரு. "மகளைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நாலு குவளை குடித்தான். உன்னை விசாரித்தான்."

கொற்றன் நாரை வாங்கித் தண்ணீரில் நனைத்தான்.

கரி சுலபத்தில் போகவில்லை. மரத்தின் இழைக்குள் இறங்கியிருந்தது. அவன் தேய்க்கத் தேய்க்க, எதிர்வீட்டுச் செம்பி முறத்தோடு வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன தலைவரே, இன்றைக்குத் தலைகீழாக நடக்கிறது? கரி தீர்ந்துபோச்சா?"

கொற்றன் திரும்பவில்லை.

"போட்டபோது ஊரையே கூட்டிவைத்துப் போட்டீர். அழிக்கும்போது ஒரு தப்பட்டைகூடக் காணோமே?"

"உள்ளே போ, செம்பி."

"போகிறேன், போகிறேன். எங்கள் வீட்டு ஆளும் கணவாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறார். உமக்குப் பயந்துதான் இருக்கிறோம். அதையும் தெரிந்துகொள்ளும்."

அவள் உள்ளே போய், உடனே வெளியே வந்தாள். ஒரு சிரட்டை நிறையச் சாம்பலைக் கொற்றனின் காலடியில் வைத்தாள்.

"வெறும் தண்ணீருக்குப் போகாது. இதைப் போட்டுத் தேயும்."

நாலாவது கதவில் இருந்தபோது உப்பு சுமக்கும் ஒருவனும் அவன் மனைவியும் அந்த வழியாக வந்தார்கள். அவன் தலையில் பெட்டி, அவள் இடுப்பில் குழந்தை.

"அண்ணே, இந்த வீடு காலியா?"

"காலிதான்" என்றான் கொற்றன்.

"போன மாதமும் வந்தோம். கோடு கிடந்தது. யாரோ பெரிய ஆள் போட்டதாம். பயந்துபோய்ச் சத்திரத்து மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்போது குடிவந்தால் அந்த ஆள் ஒன்றும் செய்யமாட்டாரே?"

குரு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

"செய்யமாட்டார்" என்றான் கொற்றன்.

பதினோராவது கதவு முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கொற்றனின் விரல் நகங்களுக்குள் கரி ஏறியிருந்தது.

"ஐயா, காலையில் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை."

"போன மாதம் வெண்ணி பந்தலுக்கு வந்திருந்தாள்."

"வெண்ணியா? எதற்கு?"

"ஏற்றம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். நடுவில் உட்கார்ந்து மூச்சுவாங்க இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். திரும்பிப் போய்விட்டாள்."

"என்னிடம் சொல்லவே இல்லையே."

"மடியில் கரி வைத்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்வாள்?"

குரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு சாவடியை நோக்கி நடந்தார்.

கொற்றன் அறைக்குள் போனபோது இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. வெண்ணி சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அவன் அவள் எதிரே உட்கார்ந்தான். ஏழு ஆண்டில் எத்தனையோ கூட்டங்களில் அவன் மக்களைக் கேள்வி கேட்டிருக்கிறான். வெண்ணியிடம் கேட்டதில்லை.

"வெண்ணி, போகலாமா?"

அவள் அவனைப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த துணிமூட்டையை அவன் முன்னால் தள்ளினாள்.

"இது என்ன?"

"ஒரு மாதமாக இதைத்தான் தலைக்கு வைத்துப் படுக்கிறேன். பாத்திரம், இரண்டு சேலை, உங்கள் வேட்டி. தலையணை ஏன் இவ்வளவு முரடு என்று ஒருநாளாவது கேட்பீர்கள் என்று பார்த்தேன்."

மறுநாள் காலை இருவரும் சாவடியைத் தாண்டினார்கள். சாவடிக் காவலன் கொற்றனை அடையாளம் கண்டுகொண்டான். "அடேயப்பா, நீங்களுமா?" என்று உரக்கக் கேட்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கொற்றன் தலை குனியவில்லை.

பந்தலில் குரு வெண்ணிக்கு மணை எடுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை. குரு மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் ஒரு சிறு பானையை ஏற்றினார். எல்லைக்கு வெளியே இருந்ததால் அந்த அடுப்புக்கு மட்டும் வரி இல்லை.

கொற்றன் நின்றுகொண்டே இருந்தான்.

"இன்று பொழுது சாய்வதற்குள் என் கதவில் கோடு விழும், ஐயா."

"விழும்."

"நான் பழக்கிய கைகளே போடும்."

"போடும்."

"அழிக்க யார் வருவார்கள்?"

"செம்பியிடம் சாம்பல் இருக்கிறது."

கொற்றன் மலையைப் பார்த்தான். பிறகு ஊரைப் பார்த்தான். கை தானாக மடிக்குப் போனது. ஏழு ஆண்டாக இருந்த இடத்தில் கரிக்கட்டை இருந்தது. வெளியே எடுத்தான். ஒரு முனை தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. வீசிவிடக் கையை ஓங்கினான். வீசவும் மனம் வரவில்லை, திரும்ப மடியில் வைக்கவும் மனம் வரவில்லை.

"இதை நான் என்ன செய்வது, ஐயா?"

குரு அடுப்பின் முன் குனிந்து சுள்ளிகளை ஊதிக்கொண்டிருந்தார். சுள்ளிகள் ஈரம். புகைதான் வந்தது, பற்றவில்லை. வெண்ணி மறுபடி இருமினாள்.

குரு திரும்பாமல் கையை நீட்டினார்.

"இப்படிக் கொடு. அவளுக்குச் சுக்குவெந்நீர் வைக்கவேண்டும்."